அக்காவின் கால்விரல் பாட்டு

அக்கா காலமாகி ஓராண்டு நிறைகிறது. ஆனால் அவர்கள் இறந்துவிட்டதாக முதலில் அறிவித்தவன் நான். அது நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் சொல்லும் அதே குரலில் அதைச் சொன்னேன். அப்போது அக்கா உள்ளே சமையலறையில் சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் நினைவு மலரைத் தொகுக்கும் என் சின்னம்மா மகன் இதைப் படித்துவிட்டு நேரில் வந்தான்.

"அண்ணே, நினைவு மலர்ல போயி இதெல்லாம் எதுக்குண்ணே? நல்லது நாலு எழுதுங்க. பூசை ரூம்ல வச்சிருப்பாங்கண்ணே."

"வைக்கட்டும். வைக்கிறதுக்கு முன்னாடி படிக்கட்டும்" என்றேன்.

அட்டைப்படத்திலும் தகராறு. நெற்றி நிறைய விபூதியோடு அக்கா அமைதியாகப் பார்க்கும் படத்தைப் போடச் சொன்னார்கள். அந்தப் படத்தைப் போடவே கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். காரணம் கட்டுரையில் வரும். அட்டையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாய் கொள்ளாமல் சிரிக்கும் பதினேழு வயதுப் பெண்ணின் படம். அதுதான் எங்கள் அக்கா. பிடிக்காதவர்கள் அட்டையைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

அக்கா பரவையில் பிறந்தார்கள். அப்பாவுக்கு மதுரையில் மில் வேலை கிடைத்ததும் ஊருக்குள் குடிவந்தோம். எனக்கு ஆறு வயதில் அம்மா போனார்கள். அக்காவுக்குப் பதினொன்று. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில், ஒப்பாரி பாடிய பெண்களின் நடுவே அக்கா உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே குரலை உடைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்கள். "அழுகை வரலடா. பாட்டுத்தான் வந்துச்சு. மூணாம் நாளு எண்ணெய் தேச்சுவிட அம்மா இல்லைன்னு தெரிஞ்சப்பத்தான் அழுதேன்." அன்று முதல் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர்கள் அக்காதான்.

அட்டையில் இருக்கும் அந்தப் படம் ஒரு சினிமாவில் வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். சினிமாவின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் படிப்பதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். பாட்டும் சிரிப்புமாக ஓடிய பழைய கறுப்பு வெள்ளைப் படம். சொத்துக்காரப் பெரியப்பா தன்மேல் வைத்திருப்பது உண்மையான பாசமா என்று பார்க்க ஒருவன் செத்ததுபோல் படுத்துக்கொள்கிறான். அவனைச் சுற்றி ஒரு வேடிக்கை ஒப்பாரி. வெளிப்புறக் காட்சிகளை எடுக்கப் படக்கூட்டம் அழகர்கோவில் அடிவாரத்து மாந்தோப்புக்கு வந்திருந்தது. கூட்டத்தில் உட்காரப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் தெருவில் ஆள் எடுத்தார்கள். அக்காவும் போனார்கள்.

முன்வரிசையில் பாட வேண்டிய நடிகைக்கு அன்று வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பாடையில் கிடந்த நகைச்சுவை நடிகரின் கால் பெருவிரல்கள், பிணத்துக்குக் கட்டுவதுபோலவே துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. பாட்டின் நடுவில் அவரைக் கட்டெறும்பு ஒன்று கடித்துவிட்டது. கட்டுக்குள் ஒரு விரல் மெல்ல ஆடியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் அக்கா மட்டும்தான். அழுகையை நிறுத்தக் கூடாது, சிரிப்போ நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா, யாரும் எழுதித் தராத வரிகளைப் பாடினார்கள்:

"ஆலமரம் சாஞ்சதுன்னு
ஆளு சொல்லி ஓடிவந்தேன்
சாஞ்ச மரம் கால்வெரலச்
சத்தமில்லாம ஆட்டுதடி."

இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். குரலைச் சேர்ப்பதற்காக அப்பா அக்காவை மதராசுக்கு அழைத்துப் போய்வந்தார். படம் வந்தது. மதுரைத் தியேட்டர்களில் அந்த இடம் வரும்போது எழுந்து நின்று சிரித்தார்கள். படத்தின் எழுத்துகளில் அக்காவின் பெயர் கிடையாது. ஆனாலும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர்கள் 'சிரிச்சு அழுத புள்ள' ஆகிவிட்டார்கள்.

கூடவே இன்னொன்றும் ஆனது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத பெண் ஒப்பாரிக்கு வாய் திறக்கக் கூடாது என்பார்கள். வேடிக்கைக்குப் பாடினாலும் அது போகிற வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "படத்துல எழவுப் பாட்டு பாடுன புள்ளையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். சிலர் காபிகூடக் குடிக்கவில்லை. கடைசியாக வந்த மாப்பிள்ளையின் தாயிடம் அக்காவே நேரில் கேட்டார்கள்: "நான் பாடுனதுல ஒருத்தரும் சாகல அத்தே. படுத்துக் கெடந்தவரு எந்திரிச்சு டீ குடிச்சாரு. அப்புறம் என்ன?" அந்த அம்மாள் எழுந்து போனார். அதற்குப் பிறகு அக்கா யாருக்கும் காபி எடுத்துக்கொண்டு வரவில்லை. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பஞ்சுத் தூசியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று என்னைப் படிக்கவைத்தார்கள். நான் கல்லூரி ஆசிரியனானேன். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். என் மகளை வளர்த்தார்கள். என் மகளுக்கு முதலில் வந்த சொல்லே 'அத்தை'தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மகளுக்கு ஒரு நல்ல இடம் கூடிவந்தது. சாத்திரம், சகுனம் எல்லாம் கறாராகப் பார்க்கும், சினிமாப் பக்கமே போகாத குடும்பம். அக்கா படத்தில் பாடியதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. பேசி முடிக்க அவர்கள் வரவிருந்த அன்று காலையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவர்கள்தான் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்று ஓடினேன். இறங்கியவன் தாடி வைத்த ஓர் இளைஞன். அந்தப் பழைய படத்தைத் திரும்ப எடுக்கிறார்களாம், கலரில். அவன் உதவி இயக்குநர்.

"சார், ஒப்பாரி சீன்ல சிரிச்சு அழுவாங்களே, அந்தம்மாவத் தேடித் தெருத் தெருவா அலைஞ்சிட்டு வர்றோம். பழைய ஆளுங்கள்ல அவங்க ஒருத்தங்கதான் இருக்காங்கன்னு சொன்னாங்க. அதே சீன்ல, அதே எடத்துல அவங்களே வந்து பாடணும் சார். டைரக்டருக்கு அது பெரிய ஆசை."

தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவங்க தவறிட்டாங்க" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "எப்ப சார்?"

"போன வருஷம்."

பிறகு தயங்கித் தயங்கி, "ஒரு போட்டோ இருந்தாக் குடுங்க சார். படத்துல மரியாதை பண்ணணும்" என்றான். அவனைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும். உள்ளே போய் ஆல்பத்தைத் திறந்து, விபூதி வைத்த அந்தப் படத்தை உருவிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஒரு பொய் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தாட்சியும் சேர்த்துக் கொடுத்தேன்.

அந்தக் கார் தெருமுனையில் திரும்பியதும் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாம்பாரில் மட்டும் உப்புக் கரித்தது. அக்கா கை வைத்து உப்புக் கூடியதை அன்றுதான் முதல்முறையாகச் சாப்பிட்டேன். என் மனைவி வந்தவர்களிடம் சமாளித்தாள். நான் மோரை ஊற்றிக்கொண்டேன்.

மறு ஆண்டு அந்தப் புதுப் படம் வந்தது. மகளின் கல்யாணம் அதற்குள் முடிந்திருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார்கள்: "வாடா தம்பி, கலர்ல எப்பிடி அழுகுறாங்கன்னு பாத்துட்டு வருவோம்." மறுக்க வாய் வரவில்லை. போனோம்.

விளக்கணைந்து முதலில் வந்தது அக்காவின் படம். மாலை போட்டு, பக்கத்தில் விளக்கு எரிந்தது. 'நம்மை அழவைத்துச் சிரிக்கவைத்த அன்னைக்கு அஞ்சலி' என்ற எழுத்து. கீழே அக்காவின் பெயர். பழைய படத்தில் வராத பெயர், வாழ்க்கையில் முதன்முறையாகத் திரையில் வந்தது. செத்துப்போனவர்களின் பெயராக வந்தது.

அக்கா என் பக்கம் சாய்ந்தார்கள். "தம்பி, செத்துட்டேன்டா நான்."

"தெரியாமப் போட்டிருப்பாங்க" என்றேன்.

"இது நம்ம ஆல்பத்துல இருந்த போட்டோவுல்ல" என்றார்கள். அப்புறம் படத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

ஆசிரியனாக இருந்தவன் என்பதால் அந்தப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய படத்தில் அந்த விரல் திரையின் ஒரு மூலையில் ஆடும். பார்க்கத் தவறியவர்களும் உண்டு. அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ நடக்கிறது என்று நமக்குத் தெரியும். புதுப் படத்தில் திரை முழுக்க ஒரு விரல் வந்தது. அது ஆடும்போது டொய்ங் என்று சத்தம் வேறு. பூவால் மூடிய பாடை, பின்னால் இருபது பேர் ஆட்டம். அக்காவின் இடத்தில் இருந்த பெண் வாய்விட்டு நன்றாகச் சிரித்தாள். தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் அக்கா, "செத்தவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடு" என்றார்கள். வாங்கிவந்தேன். கையில் டம்ளரோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்கள்.

"சன்னலு தொறந்துதான்டா கெடந்துச்சு. அன்னைக்கே கேட்டேன். சாம்பாருக்கு ரெண்டு தடவ உப்புப் போட்டது ஞாபகம் இருக்கா?"

"அப்பவே வெளிய வந்து என்னைய நாலு கேட்டிருக்கலாமேக்கா."

"செத்தவ எப்பிடிடா பேசுவா?"

அக்கா தொடர்ந்தார்கள்: "புள்ளைக்குக் கல்யாணம், அதனால விட்டேன். ஆனா அந்தப் பய என்னையப் பாடக் கூப்பிட்டுல்ல வந்திருக்கான். நீ எம்பாட்டத் தூக்கி வெளிய போட்டுட்ட. நான் கிட்ட நின்னுருந்தா அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன். அவ நல்லாத்தான் சிரிக்குறா. அழத் தெரியல. அழத் தெரியாதவளுக்கு அந்தச் சிரிப்பு எங்கிட்டு வரும்?"

"நான் என்னக்கா செய்யணும்?"

"செத்துட்டான்னு சொன்ன வாயால, இருக்கான்னு சொல்லு. எங்கிட்ட இல்ல. ஊருக்கு முன்னாடி சொல்லு."

அதைச் செய்ய எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். மதராசுக்குப் போய் அந்தப் படக் கம்பெனியைத் தேடினேன். அது மூடிப்போயிருந்தது. படத்தில் ஏறிவிட்ட சாவை இறக்க வழியில்லை. தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் அக்கா மறுபடியும் மறுபடியும் செத்தார்கள். தெரிந்தவர்கள் துக்கம் கேட்டுப் போன் செய்தார்கள். அக்காவே எடுத்து, "ஆமாங்க, போயிச் சேந்துட்டேன். இங்க வசதியாத்தான் இருக்கு" என்பார்கள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்கு எழுபத்தைந்து வயது ஆனபோது, என் மனைவி காலமான மறு ஆண்டு, ஒரு மண்டபம் பிடித்தேன். உறவினர்கள் எல்லோரையும் அழைத்தேன். சம்பந்தி வீட்டாரை நேரில் போய் அழைத்தேன். என் பழைய மாணவர் ஒருவர் திரை கட்டிப் பழைய படத்தைப் போட்டார். கோடும் புள்ளியுமாக ஓடியது. சின்னக் குழந்தைகள்கூட அந்த விரலைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அக்கா, "யாருடா இந்தப் புள்ள, இம்புட்டு ஒல்லியா இருக்கு?" என்று கேட்டார்கள்.

படம் முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். படத்தில் பாடியவர் இதோ உட்கார்ந்திருக்கும் என் அக்கா, அவர்கள் இறந்துவிட்டதாகச் சொன்னவன் நான், என் மகளின் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன், சொன்னது பொய், சொன்னது ஈனச் செயல் என்றேன். அதைவிட நீட்டவில்லை.

சம்பந்தி அம்மாள் எழுந்தார்கள். "எங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு அவமானப்படுத்துறீங்களா? எழவு பாடுன கையிலயா நாங்க அன்னைக்குச் சாப்பிட்டோம்?"

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆமா சம்பந்தி. சாப்பிட்டு இத்தன வருஷம் ஆச்சு. ஒங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?" என்றார்கள்.

மண்டபத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் கிளம்பினார்கள். மாப்பிள்ளை தாயை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தார். என் மகள் நகரவே இல்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்காகன்னு சொன்னீங்களேப்பா, என்னையக் கேட்டீங்களா?"

அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டு விசேஷங்களுக்கு எனக்கு அழைப்பில்லை. உறவில் இன்னும் சிலரும் ஒதுங்கினார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அக்கா மட்டும் அந்த நாளிலிருந்து கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். தெருவில் யார் கேட்டாலும் பாடிக்காட்டினார்கள்.

கடைசி இரண்டு ஆண்டுகள் பழைய பஞ்சுத் தூசி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. போவதற்குச் சில நாட்கள் முன்பு என்னிடம், "ஆளு வச்சு அழ வைக்காத. எம்பாட்ட நீயே பாடு" என்றார்கள்.

"எனக்குப் பாட வராதேக்கா."

"அழ வருமில்ல? அது போதும்."

அக்கா போன அன்று நடந்ததற்குத்தான் இந்த ஓராண்டும் என்னைக் குறை சொல்கிறார்கள். படித்தவன், பெரிய மனுசன், பிணத்துக்கு முன்னால் சினிமாப் பாட்டுப் பாடிக் கேலிக்கூத்து ஆக்கிவிட்டான் என்கிறார்கள். ஆமாம், பாடினேன். இன்னொரு முறை வாய்த்தாலும் பாடுவேன். அது சினிமாப் பாட்டு இல்லை. எங்கள் அம்மாவின் சாவில் கற்ற ராகத்தில், என் அக்கா தானாகக் கட்டிய வரிகள். அதற்காக ஒரு வாழ்க்கையையே விலையாகக் கொடுத்தவர்களுக்காக அதைப் பாட எவர் அனுமதியும் தேவையில்லை.

முதல் அடியில் என் குரல் உடைந்தது. யாரும் சேரவில்லை. "என்ன மாமா இது, நிறுத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது. இரண்டாம் அடியில் என் மகள் சேர்ந்தாள். பிறகு மில்லில் அக்காவோடு வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாடினார்கள். சிலர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். வாசலில் சம்பந்தி அம்மாள் நின்றிருந்தார்கள். அவர்கள் வந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே வரவும் இல்லை, பாட்டு முடியும்வரை போகவும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், பாடிய மில்லுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வாசலில் நின்றவர்களுக்கும் நன்றி. வெளியேறியவர்களுக்கும் நன்றி, நீங்கள் போனதால் பாடியவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தது.

அக்காவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். 'சாஞ்ச மரம் கால்வெரல' என்ற அடி வந்தபோது நான் பாட்டை விட்டுவிட்டேன். பெண்கள் தொடர்ந்து பாடினார்கள். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. என் மகள் தோளைத் தொட்டு, "தூக்கலாமாப்பா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, இன்னும் சற்று நேரம் பார்த்தேன்.